அக்காவின் வயிற்றில் இருந்தது

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மேலாளர் முதல் பொத்தான் தைக்கும் பெண்கள் வரை எல்லாருக்கும் அவள் மாஸ்டர்தான். துணி வெட்டும் மேசை அவள் ராஜ்ஜியம். அறுபது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே அளவுத் தாளை ஒட்டி, கோடு பிசகாமல் எந்திரக் கத்தியை ஓட்டுவாள். இடது கையில் எஃகு வலைக் கையுறை. கத்தி ஒரு நூல் விலகினால் அறுபது கால்சட்டை பாழ். இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி விலகியது இரண்டே தடவை. இரண்டாவது தடவை எப்போது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள், அக்கா செத்ததற்கு அடுத்த வாரம் என்று.

வாய்த்துடுக்கு உண்டு. "புருஷன் இடுப்பளவே தெரியலை, நீ என்னடி குடும்பம் நடத்தறே?" என்று புதிதாகக் கல்யாணமான பெண்களை ஓட்டுவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் இருக்கும் பக்கம்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஆனால் அவளுடைய அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பை எப்போதும் தயாராக இருந்தது. மாற்றுடை இரண்டு, துண்டு, சோப்பு, ரப்பர் செருப்பு, ஒரு டம்ளர். மழையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள வைத்திருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அது ஆஸ்பத்திரிக்குப் போகும் பை. பத்தொன்பது வருஷமாக, சோப்பு காய்ந்து வெடித்தால் புதுச் சோப்பு வைத்து, அந்தப் பையை அவள் காத்துவந்தாள்.

அக்கா அவளைவிட ஐந்து வயது மூத்தவள். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. முப்பத்தெட்டாவது வயதில் ஒருநாள் ஈரப் படியில் வழுக்கி விழுந்து வலது கால் பிசகி, இடது விலாவிலும் அடிபட்டது. மண்ணீரல் கிழிந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரல் முழுசாக இருந்தது. ஆனால் பக்கத்தில் வேறொன்று தென்பட்டது. இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கும் கணையத்தின் இடது நுனியை வால் என்பார்கள். அந்த வாலுக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு உருண்டையாக ஒன்று இருந்தது.

"கட்டிதான். கணையத்துல வர்ற கட்டியை நம்ப முடியாது. சின்னதா இருக்கும்போதே எடுத்துடுறது நல்லது" என்றார் அறுவை டாக்டர்.

அக்காவுக்கு அதில் இஷ்டமில்லை. "நான் வழுக்கி விழலேன்னா இது இருக்கிறதே தெரிஞ்சிருக்காது. தெரியாத மாதிரியே இருந்துட்டுப் போறேன். வயித்துல ஒரு வலியும் இல்லையே" என்றாள்.

அத்தான் குடிநீர் வாரியத்தின் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவர். எந்த வால்வை எப்போது திறப்பது என்பதில் மன்னன். வீட்டிலோ எந்தக் குரல் ஓங்குகிறதோ அந்தப் பக்கம் சாய்வார். ஓங்கிய குரல் தங்கையுடையது. மூன்று வாரம் விடாமல் பேசினாள். "கறை பட்ட இடத்தை வெட்டிட்டா மிச்சத் துணி நல்லா இருக்கும்க்கா. மடிச்சு வெச்சா முழுத் துணியும் போயிடும்" என்றாள். அழுதாள். சண்டை போட்டாள். கடைசியில், அக்காவின் ஏழு வயது மகள் சிட்டுவைத் தூக்கி அவள் மடியிலேயே உட்காரவைத்து, "இவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லு, வேணாம்னு" என்றாள். அக்கா குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் வேணாம் என்று சொல்லவில்லை.

கணையத்தின் வாலையும் கூடவே மண்ணீரலையும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல். வெட்டிய இடம் மூடாமல் கணைய நீர் உள்ளே கசிந்து, வயிற்றுக்குள் சீழ் கட்டிவிட்டது. பதினோராம் நாள் மதியம் எல்லாம் முடிந்தது.

"புத்துநோய்னா அப்படித்தான். எடுத்தாலும் போயிருப்பா, எடுக்காட்டியும் போயிருப்பா" என்று துக்கத்துக்கு வந்த ஒருவர் சொன்னார். மாஸ்டர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எப்படியும் போயிருப்பாள். அதில்லாமல் அவளால் எழுந்து வேலைக்குப் போயிருக்க முடியாது.

ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவளுக்கு வந்தது எனக்கும் வரும்.

தொழிற்சாலைக்கு நூற்கண்டும் பொத்தானும் கொண்டுவரும் நூல் கடைக்காரர் ஒருவர் இருந்தார். மெல்லிய மனுஷர், சீட்டியடித்துக்கொண்டே பெட்டி இறக்குவார். அக்கா போன இரண்டாவது வருஷம் மாஸ்டரிடம் வந்து, கட்டிக்கொள்ளலாமா என்று நேராகவே கேட்டார்.

"எங்க ரத்தத்துல ஓடுற நோய்ங்க இது. என்னைக் கட்டிக்கிட்டு நீங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காரணுமா?"

"உக்காந்துட்டுப் போறேன்" என்றார் அவர்.

அந்தப் பதில் அவளைப் பல வருஷம் தூங்கவிடவில்லை. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டாள். அவர் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு வேறு ஊரில் கல்யாணம் செய்துகொண்டு போனார். மாஸ்டர் அத்தான் வீட்டு மாடி அறையில் தங்கி சிட்டுவை வளர்த்தாள். பல்லுக்குக் கம்பி போட்டாள், சைக்கிள் பழக்கினாள், பரீட்சைக்கு எழுப்பினாள், காதலித்தவனோடு கல்யாணமும் செய்து வைத்தாள்.

அந்த மாடிப்படியில்தான் அக்கா வருவாள். சாயங்காலம் ஐந்தரைக்கு, தபால் நிலையம் முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்கு. விழுந்து அடிபட்ட பிறகு அக்கா வலது செருப்பை இழுத்து இழுத்து நடந்தாள். அதே சத்தம். ஒரு அடி, ஒரு இழுப்பு. கடைசிப் படிக்கு முன்னால் நின்றுவிடும். மாஸ்டர் கதவைத் திறந்து பார்த்ததே கிடையாது. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். குளிக்கும்போது இடது விலாவுக்குக் கீழே விரலை அழுத்திப் பார்ப்பது ஒரு வழக்கம். சில நாள் தன் விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குளிர்ந்த விரலும் அழுத்துவது போலிருக்கும். இதையெல்லாம் யாரிடம் சொல்ல?

ஐம்பத்திரண்டாவது வயதில் இடுப்பைப் பிடுங்கும் வலி வந்தது. சிறுநீரகக் கல். ஸ்கேன் எடுத்தார்கள். கல் தானாகவே இறங்கிவிட்டது. அறிக்கையை வாங்கி வராந்தாவிலேயே பிரித்துப் படித்தாள். கல்லைப் பற்றி மூன்று வரி. அதற்குக் கீழே, கணையத்தின் வாலில் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி.

அவளுக்கு அதிர்ச்சியே இல்லை. ரொம்ப நேரம் தாமதமான ரயில் ஒருவழியாக வந்து நின்ற மாதிரி இருந்தது.

இந்தத் தடவை அறுவை டாக்டர் இளவயதுக்காரர், மரியாதையானவர். பழைய டாக்டர் சொன்னதையேதான் சொன்னார். குடும்பத்தில் அக்காவுக்கு இருந்தது என்று கேட்டதும் அவர் முகம் இறுகியது. "அப்படின்னா தள்ளிப்போட வேணாம்மா. அடுத்த மாசமே வெச்சுக்கலாம்."

"எந்தத் தேதி டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போனாள், வெட்டினாள். ஆனால் அந்த வாரத்தில் அக்கா மாடிப்படியோடு நிற்கவில்லை. தொழிற்சாலைக்கும் வந்தாள். நீல நிறத் துணி மேசையில் விரிந்து கிடக்க, மேசையின் அந்தக் கோடியில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி துணி ஒரு பக்கம் அமுங்கும். தபால்தலைப் பசையின் வாசனை அடிக்கும். மாஸ்டர் கத்தியை நிறுத்திவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "வர்றேன்க்கா, அவசரப்படுத்தாதே" என்றாள்.

அறுவைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தொழிற்சாலை அலுவலகத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசியது ஸ்கேன் டாக்டர். படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் பிரிவின் மூத்த டாக்டர் அவர். நேரில் வரச் சொன்னார்.

நடுவயதுப் பெண்மணி. இருட்டறையில் திரையையே பார்த்துப் பார்த்துக் கண்களைச் சுருக்கும் பழக்கம் வந்திருந்தது. மாஸ்டரைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, படத்தைத் திரையில் காட்டினார்.

"உங்க ரிப்போர்ட்டை எழுதினது வேற டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்தேன். இது உங்க மண்ணீரல். இது கணையத்துக்குள்ள இருக்கிற கட்டி. மருந்து ஏத்தி எடுத்த படம் இது. முதல் படத்துல மண்ணீரல் எவ்வளவு வெளுப்போ, கட்டியும் அவ்வளவு வெளுப்பு. ரெண்டாவதுல அது எவ்வளவு மங்குதோ, இதுவும் அவ்வளவு மங்குது. பாத்தீங்களா?"

துணியில் சாயம் ஒரு பங்கு கூடக் குறைய இருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கும் கண் மாஸ்டருடையது. பார்த்தாள். இரண்டும் ஒரே சாயம்.

"அப்போ இது என்ன?"

"இதுவும் மண்ணீரலா இருக்கலாம்னு நினைக்கிறேன். அம்மா வயித்துல குழந்தை உருவாகும்போது மண்ணீரல் துண்டு துண்டாத்தான் வளர ஆரம்பிக்கும். அப்புறம் ஒண்ணு சேரும். பத்துப் பேர்ல ஒருத்தருக்கு ஒரு துண்டு சேராம தனியா நின்னுடும். பெரும்பாலும் பக்கத்துல எங்கயாவது கிடக்கும். அபூர்வமா கணையத்துக்குள்ளயே பதிஞ்சுடும். அது நோய் இல்லை. பிறந்த நாள்லேருந்து உங்ககூட இருக்கு. ஆனா படத்துல அசல் கட்டி மாதிரியே தெரியும்."

அவர் ஒரு சோதனை செய்யச் சொன்னார். மாஸ்டரின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். அதில் மிகச் சிறிய அளவு கதிர்வீச்சு மருந்தைக் கலந்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கினார்கள். சூட்டில் ரத்த அணுக்கள் நசிந்துவிடும். அதைத் திரும்ப உடம்பில் ஏற்றினால், நசிந்த அணுக்களைப் பிடித்து வைப்பது மண்ணீரலின் வேலை. கட்டி என்றால் அதைச் சீண்டாது. மாஸ்டர் எந்திரத்துக்குக் கீழே அசையாமல் படுத்திருந்தாள். கூரையில் ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. தன்னுடைய ரத்தமே தனக்குள் எதையோ தேடிக்கொண்டு போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

திரையில் இரண்டு வெளிச்சங்கள் தெரிந்தன. ஒன்று பெரியது. பக்கத்தில் சின்னதாக இன்னொன்று.

"சாமியைக் கும்பிட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்கம்மா. வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லை" என்று ஸ்கேன் டாக்டர் சிரித்தார்.

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. "எங்க அக்காவுக்கும் அதே இடம் டாக்டர். அதே அளவு" என்றாள்.

டாக்டரின் சிரிப்பு அடங்கியது. "ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு சொல்ல முடியாதும்மா. இது குடும்பத்துல வரும்னு சொல்ல எங்கிட்ட ஆதாரமும் இல்லை. அவங்களுக்கு அசல் கட்டியாவே இருந்திருக்கலாம். ஆனா எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பி இருப்பாங்க. முடிவு கண்டிப்பா வந்திருக்கும். வீட்டுல யார் வாங்கினாங்க?"

மாஸ்டர் வீட்டுக்குப் போனபோது அத்தான் பின்கட்டில் உட்கார்ந்து குழாயின் வாஷரை மாற்றிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு தெருவில் உள்ள எல்லாக் குழாய்களுக்கும் அவர்தான் வைத்தியர்.

"அத்தான், அக்காவுக்கு எடுத்தாங்களே, அதோட ரிப்போர்ட் வந்துதா?"

"எந்த ரிப்போர்ட்?"

பொய் சொல்ல வராத மனுஷர். கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்டாலே அகப்பட்டுக்கொண்டார் என்று அர்த்தம். மாஸ்டர் தன் வயிற்றில் இருந்ததையும், சோதனையையும், இரண்டு வெளிச்சத்தையும் சொல்லி முடித்தாள். அத்தானின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. எழுந்து உள்ளே போனார். பழைய சீருடைகளுக்கு அடியிலிருந்து ஒரு காக்கி உறையை எடுத்துவந்து கொடுத்தார். மடித்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. எத்தனை தடவை பிரித்து மடித்திருப்பாரோ.

கணையத்தின் வாலுக்குள் பதிந்திருந்த இயல்பான மண்ணீரல் திசு. புற்றுநோய் அணுக்கள் எதுவும் இல்லை.

"அவ போய் அஞ்சு நாள் கழிச்சுப் போய் வாங்கினேன். மூணு தடவை படிச்சேன், நம்ப முடியலை. டாக்டர் ரூமுக்குப் போனேன். படிச்சுட்டு அவர் எழுந்து நின்னுட்டார். 'படத்துல ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு, என்னால பிரிச்சுப் பாக்க முடியலை'ன்னார். சொல்லிட்டு நாற்காலியைத் தடவிப் பிடிச்சு உக்காந்தார். அடிக்கணும்னு போனவன் நான். கடைசியில அவருக்குத் தண்ணி எடுத்துக் குடுத்துட்டு வந்தேன்."

"ஏன் அத்தான் எங்கிட்ட சொல்லலை?"

"நீ அப்போ இருந்த இருப்புக்கா? அறுபது கால்சட்டையை நாசம் பண்ணிட்டேன்னு வந்து சுவத்துல முட்டிக்கிட்டு அழுதே. ஆபரேஷன் பண்ணிக்கச் சொன்னது நீ. இதையும் சொன்னா நீ உயிரோட இருந்திருப்பியா? சிட்டுவுக்கு அப்புறம் யாரு?" நிறுத்தி, மெதுவாகச் சேர்த்தார். "ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது நான். என் தப்பையும் சேத்து மறைச்சுக்கிட்டேன்னு வெச்சுக்கோயேன்."

"எனக்கும் அந்தப் புத்துநோய் வரும்னு பத்தொம்பது வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன். நூல் கடைக்காரரை எதுக்கு வேணாம்னு சொன்னேன்னு நினைச்சீங்க?"

அத்தான் அவளை வெறித்துப் பார்த்தார். "சிட்டுவுக்காகன்னு நினைச்சேன். உன்னைப் போல உண்டான்னு மனசுக்குள்ளயே கும்பிட்டேன். நீ பயந்துக்கிட்டு இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா. சொல்லியிருந்தா அன்னிக்கே இதை எடுத்து உன் கையில குடுத்திருப்பேனே!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து ஒரே வீட்டில் மேலும் கீழுமாக வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

ஐந்தரைக்குப் படியில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு அடி, ஒரு இழுப்பு. மாஸ்டர் ரேடியோவைத் தொடவில்லை. முதல் தடவையாக எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். படியில் யாரும் இல்லை. கீழே வாசல் வரைக்கும் வெறும் வெயில். இத்தனை நாள் எப்படியும் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் இருந்துவிட்டாள். இனி அதையும் சொல்ல முடியாது. படியிலேயே உட்கார்ந்து, "வேணாம்னு நீ சொன்னது சரிதான்க்கா" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சிட்டுவிடம் சொல்ல மூன்று வாரம் ஆனது. அவள் இப்போது கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கும் வேலையில் இருந்தாள். கடையின் பின்வாசல் பெஞ்சில், மதிய இடைவேளையில், மாஸ்டர் காக்கி உறையை அவள் மடியில் வைத்தாள். நாளைக்கு சிட்டுவுக்கும் யாராவது ஸ்கேன் எடுத்து ஒன்றைக் கண்டுபிடித்தால் கத்தியைத் தூக்கும் முன் அது மண்ணீரல் துண்டா என்று கேட்கச் சொல்ல வேண்டும் என்பதால்தான் சொல்ல வந்தாள். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. மடியில் குழந்தையை உட்காரவைத்ததையும் சொன்னாள்.

சிட்டு உறைக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தாள்.

"அம்மா வேணாம்னு சொன்னாங்களா?"

"சொன்னா. மூணு வாரம் சொன்னா."

"என்னைப் பாத்துத்தான் சரின்னாங்களா?"

"உன் மேல ஒண்ணும் இல்லைடி. உன்னைத் தூக்கி வெச்சது நான்."

"கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க சித்தி?"

இதை மாஸ்டர் யாரிடமும் சொன்னதில்லை. "'நீ சொன்னியேன்னுதான் வந்தேன்'னு சொன்னா."

"கோவமாவா?"

"தெரியலை சிட்டு. மூக்குல குழாய் இருந்தது, குரல் சரியா வரலை. நம்பி வந்தேன்னு சொன்னாளா, உன்னாலதான்னு சொன்னாளா... இன்னிக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியலை."

சிட்டு உறையை எடுத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள். அப்பாவோடு நாலு மாசம் பேசவில்லை. சித்தியிடம் பேசினாள், ஆனால் அளந்து அளந்து. மாஸ்டர் அதைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்து, துண்டையும் டம்ளரையும் தொழிற்சாலைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். ஸ்கேன் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை, தன் வயிற்றில் இருப்பது என்ன என்று சொல்லும் சீட்டை, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அக்கா வருவது நின்றுவிடவில்லை. முன்னைப்போல தினமும் இல்லை, அவ்வளவுதான்.

மறு வருஷம் சிட்டுவுக்கு வயிற்றில் குழந்தை. முதல் பரிசோதனைக்குக் கணவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "நீங்க வாங்க சித்தி" என்று போன் செய்தாள். அவளாகக் கூப்பிட்டது ரொம்ப நாளைக்கு அப்புறம்.

பதிவு மேசையில் இருந்த நர்ஸ் படிவத்தைப் பார்த்துக் கடகடவென்று கேட்டுக்கொண்டே போனாள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, அம்மா இருக்காங்களா? இல்லை என்றாள் சிட்டு.

"எதுல இறந்தாங்க? குடும்பத்துல யாருக்காவது புத்துநோய்?"

சிட்டு சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் எந்த ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் மாஸ்டர் யோசிக்காமல் சொன்ன பதில் ஒன்று இருந்தது. அது நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லை" என்றாள். "யாருக்கும் இல்லை. இவ அம்மா ஆபரேஷன்ல இறந்தாங்க. தேவையில்லாத ஆபரேஷன்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். எழுதுவதா வேண்டாமா என்று பேனா ஒரு கணம் நின்றது.

"எழுதுங்க" என்றாள் சிட்டு. மேசைக்குக் கீழே அவள் கை நீண்டு வந்து சித்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிடி வலித்தது. மாஸ்டர் கையை எடுக்கவில்லை.